கிரிட்டை நடத்துற அமைப்புல யாரோட பேச்சு எடுபடுது?

நியூஜெர்சியில 2025 ஜூன்ல இருந்து கரண்ட் பில் 17-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் ஏறினதுக்கு பிஜேஎம்தான், அதாவது அந்தப் பக்கத்து மாநிலங்களோட கிரிட்டை (மின்சார லைன் வலையமைப்பை) நடத்துற அமைப்புதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அது லாபத்துக்காக நடக்கிற அமைப்பு கிடையாதே, போர்டு மெம்பர்களுக்கு எந்த மின் கம்பெனியோடயும் பணத் தொடர்பு இருக்கக்கூடாதுன்னு ரூல் வேற இருக்கு, அப்புறம் எப்படி பெரிய கம்பெனிங்க அதை ஆட்டி வைக்கிறாங்கன்னு சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி. இதுக்கு ரெண்டு வரியில பதில் சொன்னா தப்பாத்தான் போய் முடியும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல நேரடியான பதில். போர்டு மெம்பர்களுக்கு பணத் தொடர்பு இல்லைங்கிறது உண்மைதான். ஆனா போர்டு முன்னாடி எந்த விஷயம் வந்து சேருது, எது பாதி வழியிலயே செத்துப்போகுது, எந்த விதியை மாத்த போர்டுக்கே அதிகாரம் கிடையாது, இதையெல்லாம் முடிவு பண்ற இடத்துல கம்பெனிங்க உக்காந்திருக்காங்க. யாரும் யாருக்கும் கவர்ல பணம் குடுக்கத் தேவையில்ல. அமைப்பைக் கட்டின விதமே அப்படி.

பிஜேஎம் 1927-ல பென்சில்வேனியா, நியூஜெர்சி பக்கத்து கம்பெனிங்க சில பேர் சேர்ந்து ஆரம்பிச்ச ஒரு கூட்டணி. ஒருத்தர்கிட்ட மின்சாரம் குறைஞ்சா இன்னொருத்தர் குடுக்கிறது, செலவு மிச்சம், அவ்வளவுதான் நோக்கம். 1996-ல ஃபெர்க், அதாவது மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், ஆர்டர் 888-னு ஒண்ணு போட்டு, உன் லைன்ல அடுத்தவன் மின்சாரமும் சமமான கட்டணத்துல போகணும், உன் சொந்த பவர் ஸ்டேஷனுக்கு மட்டும் சலுகை காட்டக்கூடாதுன்னு சொன்னாங்க. 1999 டிசம்பர்ல ஆர்டர் 2000 வந்துச்சு, லைனை நடத்துற வேலையை தனியா ஒரு பிராந்திய அமைப்புகிட்ட குடுங்கன்னு. கவனிங்க, "குடுங்க"ன்னு கேட்டாங்க, "குடுத்தே ஆகணும்"னு கட்டாயப்படுத்தல. இந்த ஒரு இடத்துல விட்ட இடைவெளிதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

ஏன்னா லைன், டவர், சப்ஸ்டேஷன் எல்லாம் இன்னமும் பழைய கம்பெனிங்களுக்கே சொந்தம். பிஜேஎம்முக்கு ஒரு கம்பி கூட சொந்தமா கிடையாது. விருப்பப்பட்டு சேர்ந்தவங்க விருப்பப்பட்டா வெளிய போகலாம். 2002-ல அட்லாண்டிக் சிட்டி எலக்ட்ரிக் கம்பெனி ஃபெர்க் மேல போட்ட வழக்குல வாஷிங்டன் மேல்முறையீட்டு கோர்ட் ரெண்டு விஷயத்தை தெளிவா சொல்லிடுச்சு: லைன் சொந்தக்காரங்களோட கட்டணத்தை தாங்களே தாக்கல் பண்ற உரிமையை ஃபெர்க் பிடுங்க முடியாது, அவங்க வெளிய போறதுக்கு ஃபெர்க்கோட அனுமதி வாங்கித்தான் ஆகணும்னும் சொல்ல முடியாது. இது வெறும் காகித உரிமை இல்ல. 2006-ல கென்டக்கியோட எல்ஜி அண்ட் ஈ கம்பெனி மைசோவை (பிஜேஎம் மாதிரியே பக்கத்துல இருக்கிற இன்னொரு பிராந்திய அமைப்பு) விட்டு வெளிய போச்சு. ஃபர்ஸ்ட்எனர்ஜி தன்னோட ஒஹையோ லைன்களை 2011-ல மைசோவுல இருந்து பிஜேஎம்முக்கு மாத்துச்சு. அடுத்த வருஷமே டியூக் கம்பெனியும் ஒஹையோ, கென்டக்கி லைன்களை அதே மாதிரி மாத்துச்சு. இப்படி எந்த நேரமும் கிளம்பிப் போகக்கூடிய ஆளுங்களை வெச்சுக்கிட்டு ஒரு அமைப்பு அவங்களுக்கு எதிரா எவ்வளவு கடுமையா நடந்துக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. இதுல இன்னொண்ணு, இந்த அமைப்புல இருக்கிறதுக்காகவே லைன் கம்பெனிகளோட லாப விகிதத்துல அரை சதவீதம் கூடுதலா ஃபெர்க் குடுக்குது. அந்தப் பணமும் நம்ம பில்லுல இருந்துதான் போகுது. ஒஹையோவுல சேர்றது மாநில சட்டப்படி கட்டாயம், அப்புறம் எதுக்கு ஊக்கத்தொகைன்னு கேஸ் நடந்து, 2025 ஜனவரியில ஆறாவது சர்க்யூட் கோர்ட் (ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்கள்ல ஒண்ணு) அங்க மட்டும் அது கிடையாதுன்னு சொல்லிடுச்சு.

இப்போ உண்மையான சாவி எங்க இருக்குன்னு சொல்றேன். இதை புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். ஃபெடரல் பவர் ஆக்ட்ல 205, 206-னு ரெண்டு பிரிவு. 205-ன் கீழ யாருக்கு தாக்கல் பண்ற உரிமை இருக்கோ அவங்க ஒரு விதியையோ கட்டணத்தையோ எழுதிக் குடுத்தா, அது "நியாயமான வரம்புக்குள்ள" இருக்கான்னு மட்டும்தான் ஃபெர்க் பார்க்கும். இதைவிட நல்ல வழி இருக்கான்னு பார்க்காது. 60 நாளுக்குள்ள ஃபெர்க் எதுவும் சொல்லலைன்னா அது தானாவே அமலுக்கு வந்துடும். 206-ன் கீழ வர்றவங்க புகார்தாரர்கள். நீங்க, நான், ஒரு மாநில அரசு, ஒரு நுகர்வோர் அமைப்பு, யாரா இருந்தாலும் இந்த வழிதான். அவங்க முதல்ல இப்போ இருக்கிற விதி அநியாயம்னு நிரூபிக்கணும், அப்புறம் அதுக்கு பதிலா வர வேண்டியது என்ன, அது எப்படி நியாயம்னும் காட்டணும். வருஷக்கணக்கா இழுக்கும். ஆக, யார் கையில 205 இருக்கோ அவங்க பேனா எழுதுறதுதான் முதல் வரைவு, மத்தவங்க எல்லாம் ஆட்சேபணை சொல்ற இடத்துலதான் நிக்கணும்.

பிஜேஎம்ல இந்த 205 உரிமை மூணு பக்கமா பிரிஞ்சு கிடக்கு. கட்டணமும் சேவை விதிகளும் இருக்கிற டாரிஃப்னு சொல்ற ஆவணத்தை மாத்த போர்டே தாக்கல் பண்ணலாம், மெம்பர்களை கலந்து பேசினா போதும். ஆபரேட்டிங் அக்ரிமெண்ட்னு இன்னொண்ணு, மெம்பர்கள் சேர்ந்து போட்டுக்கிட்ட ஒப்பந்தம், அதை மாத்தணும்னா மெம்பர்ஸ் கமிட்டி ஓட்டு போட்டு ஒத்துக்கணும், இல்லன்னா போர்டும் 206-ல புகார்தாரர் மாதிரிதான் போகணும். லைன் கட்டணம், செலவை யார் தலையில எவ்வளவு போடுறதுங்கிற மாதிரி விஷயங்கள் லைன் சொந்தக்காரங்களோட சொந்த உரிமை, இதுல மத்தவங்க ஓட்டே கிடையாது. எந்த விதி எந்த ஆவணத்துல இருக்குங்கிறது ஏதோ ஆபீஸ் விவகாரம் மாதிரி தெரியும், ஆனா அதிகாரமே அங்கதான் இருக்கு. 2024-ல லைன் சொந்தக்காரங்களும் பிஜேஎம்மும் சேர்ந்து, எந்த லைன் எங்க கட்டணும்னு திட்டம் போடுற விதிகளை ஆபரேட்டிங் அக்ரிமெண்ட்ல இருந்து தூக்கி டாரிஃப்ல வைக்கப் பார்த்தாங்க. அப்படி மாறினா அந்த விஷயத்துல மத்த மெம்பர்களோட ஓட்டு ஒரே ராத்திரியில செல்லாம போயிடும். மெம்பர்ஸ் கமிட்டி ஒத்துக்கல. அப்படியும் ஃபெர்க் வரைக்கும் கொண்டு போனாங்க, 2024 டிசம்பர்ல ஃபெர்க் நிராகரிச்சுடுச்சு. செய்தியா பெருசா வரவே இல்ல. ஒரு விதியில ஒரு வார்த்தை கூட மாத்தாம, அதை வைக்கிற இடத்தை மட்டும் மாத்தி பத்து மாநிலத்துக்கு மேல பாதிக்கிற அதிகாரத்தை கைமாத்தப் பார்த்தாங்கன்னு யோசிச்சா எனக்கு இன்னமும் கோவம் வருது.

சரி, ஓட்டு எப்படி நடக்குதுன்னு பக்கத்துல போய் பார்ப்போம். பிஜேஎம்ல ஆயிரத்துக்கும் மேல மெம்பர்கள். அவங்களை அஞ்சு பிரிவா பிரிச்சிருக்காங்க: லைன் சொந்தக்காரங்க, பவர் ஸ்டேஷன் சொந்தக்காரங்க, வினியோகம் பண்றவங்க, கடைசியா பயன்படுத்துற நுகர்வோர், அப்புறம் "மத்த சப்ளையர்கள்"னு வியாபாரிகள், நிதி டிரேடர்கள் எல்லாம் அடங்கின ஒரு பிரிவு. மெம்பர்ஸ் கமிட்டி மாதிரி மேல்மட்ட கமிட்டியில ஒவ்வொரு பிரிவுக்கும் 1 புள்ளி, மொத்தம் 5. பிரிவுக்குள்ள எத்தனை பங்கு பேர் ஆமான்னாங்களோ அந்தப் பங்கு கணக்குல சேரும். ஒரு விஷயம் பாஸ் ஆகணும்னா 5-க்கு 3.335 வேணும். இப்போ கணக்கு போடுங்க. நுகர்வோர் பிரிவு முழுசா ஆமா, வினியோகம் பண்றவங்க முழுசா ஆமா, மத்த சப்ளையர்கள் முழுசா ஆமா, ஒருத்தர் கூட எதிர்ப்பு இல்லன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 3. பாஸ் ஆகாது. லைன் சொந்தக்காரங்களும் பவர் ஸ்டேஷன் சொந்தக்காரங்களும் சேர்ந்து முடியாதுன்னா முடியாதுதான். லைன் சொந்தக்காரங்க பிரிவுல இருக்கிறது சில கம்பெனிங்கதான், ஆனா அவங்களுக்கும் நூத்துக்கணக்குல ஆள் இருக்கிற பிரிவுக்கும் அதே 1 புள்ளி. நியாயமா சொல்லணும்னா இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும், நுகர்வோரும் வினியோகம் பண்றவங்களும் சேர்ந்தா அவங்களும் தடுக்கலாம், மேல சொன்ன 2024 விவகாரத்துல கமிட்டியில தடை விழுந்ததும் இந்த ஏற்பாட்டாலதான். ஆனா தடுக்கிறது சுலபமா இருக்கிற இடத்துல எப்பவும் லாபம் யாருக்குன்னா, இப்போ இருக்கிற விதியால ஏற்கனவே சம்பாதிக்கிறவங்களுக்குத்தான். 2025 நவம்பர்ல டேட்டா சென்டர் மாதிரி ராட்சச லோடுகளை எப்படி சமாளிக்கிறதுன்னு 12 முன்மொழிவு ஓட்டுக்கு வந்துச்சு, ஒண்ணு கூட தேவையான ஆதரவைத் தொடல.

மாநில அரசுகளோட ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு இதுல ஓட்டு இருக்கா? இல்ல. 2005-ல இருந்து ஓப்சின்னு அவங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கு, ஆலோசனை சொல்லலாம், கடிதம் எழுதலாம். மாநில நுகர்வோர் வழக்கறிஞர் அலுவலகங்கள் ஓட்டு போடலாம், ஆனா நுகர்வோர் பிரிவுக்குள்ள பெரிய தொழிற்சாலைகளோட சேர்ந்துதான் அவங்க இடம். 13 மாநிலம், வாஷிங்டன் டிசி, ஆறரை கோடிக்கு மேல மக்கள், அவங்களோட பேர்ல பேசுறவங்களுக்கு அஞ்சுல ஒரு பிரிவோட ஒரு பகுதி.

கீழ்மட்ட கமிட்டி விஷயம் இதைவிட மோசம். எந்த முன்மொழிவு மேல போகணும், எது முதன்மை வரைவுங்கிறது அங்கதான் உருவாகுது. மேல்மட்டத்துல ஒரு கம்பெனி குடும்பத்துக்கு ஒரு ஓட்டுதான், ஆனா கீழ்மட்டத்துல அந்தக் குடும்பத்துல இருக்கிற ஒவ்வொரு துணை நிறுவனமும் தனித்தனியா ஓட்டு போடலாம். ஒரு பெரிய ஹோல்டிங் கம்பெனிக்கு எத்தனை எத்தனை துணை நிறுவனம் இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒரே ஆள் ஒரே நாற்காலியில உக்காந்துக்கிட்டு வரிசையா அத்தனை பேர்லயும் ஆமா போட்டுட்டு போகலாம். இதுல யார் எப்படி ஓட்டு போட்டாங்கன்னு வெளிய தெரியணும்னு மேரிலாண்ட் உள்பட சில மாநில சட்டமன்றங்கள்ல மசோதா வந்திருக்கு. பொதுமக்கள் பணத்துல கட்டணம் வாங்குற கம்பெனி, அந்த மக்களோட பேர்ல எங்க என்ன ஓட்டு போடுதுன்னு சொல்லச் சொல்றதுக்கு சட்டம் போட வேண்டியிருக்குங்கிறதே எவ்வளவு தூரம் இது மூடி கிடக்குன்னு காட்டுது.

அதோட நேரம்னு ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு நூத்துக்கணக்கான மீட்டிங், ஒவ்வொண்ணுக்கும் பக்கம் பக்கமா டாக்குமெண்ட். பெரிய கம்பெனியில இதுக்குன்னே சம்பளம் வாங்குற ஆளுங்க, வக்கீல்கள், பொருளாதார நிபுணர்கள் இருப்பாங்க, ஒரு கமிட்டிக்கு ஒரு ஆள்னு அனுப்புவாங்க. ஒரு மாநில நுகர்வோர் அலுவலகத்துல இதே விஷயத்தை பார்க்கிற ஒருத்தர் தண்ணி கட்டணம், கேஸ் கட்டணம் எல்லாத்தையும் சேர்த்து பார்த்துக்கிட்டிருப்பார். கம்பெனி ஆளுங்களை கெட்டவங்கன்னு சொல்ல வரல, பாதிப்பேர் உண்மையாவே கிரிட்டை நல்லா தெரிஞ்சவங்க, அவங்க இல்லாம அந்த மீட்டிங் நடக்கவே நடக்காது. ஆனா ஒரு அறையில தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே பக்கத்து சம்பளத்துல இருந்தா, அந்த அறையில "நடைமுறைக்கு ஒத்துவராது"ன்னு முடிவு பண்றது எப்பவும் எந்தப் பக்கத்து விஷயமா இருக்கும்?

இதோட விளைவை பில்லுல எங்க பார்க்கலாம்னா, முதல்ல லைன் செலவு. 2011-ல ஃபெர்க் ஆர்டர் 1000 போட்டு, பிராந்திய அளவுல திட்டமிடுற பெரிய லைன்களுக்கு உள்ளூர் கம்பெனிக்கு இருந்த முதல் உரிமையை எடுத்துட்டு போட்டிக்கு விடணும்னு சொன்னாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா என்ன ஆச்சுன்னா பணம் போட்டி இல்லாத பக்கமா நகர்ந்துடுச்சு. பிஜேஎம்ல சப்ளிமெண்டல் ப்ராஜெக்ட்னு ஒரு வகை இருக்கு, பழைய சாதனத்தை மாத்துறது, உள்ளூர் தேவைன்னு லைன் கம்பெனி தானே முடிவு பண்ணி கட்டுற வேலை. இதால கிரிட்டுக்கு பாதகம் வருமான்னு மட்டும் பிஜேஎம் பார்க்கும், வேணுமா வேண்டாமான்னு பார்க்காது, போர்டு ஒப்புதலும் கிடையாது. ஃபார்முலா ரேட்னு ஒரு ஏற்பாட்டால அந்தச் செலவு வருஷா வருஷம் தானாவே கட்டணத்துல ஏறிடும், யாராவது தோண்டி எடுத்து கேள்வி கேட்டாத்தான் நிக்கும். போட்ட முதலுக்கு உறுதியான லாபம், தணிக்கை கம்மி. இதை சரி பண்ணணும்னா விதியை மாத்தணும், விதியை மாத்த முன்னாடி சொன்ன அதே ஓட்டு, அதே உரிமை. பல மாநிலங்கள்ல ஆர்டர் 1000 எடுத்துட்டுப்போன முதல் உரிமையை மாநில சட்டமா திரும்பக் கொண்டு வர கம்பெனிங்க முயற்சி பண்ணி ஜெயிச்சும் இருக்காங்க. டெக்சாஸ் 2019-ல போட்ட அப்படிப்பட்ட சட்டத்துக்கு எதிரா ஐந்தாவது சர்க்யூட் கோர்ட் 2022-ல தீர்ப்பு குடுத்துச்சு, அயோவாவோட சட்டத்தை அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 2023-ல நிறுத்திச்சு.

ரெண்டாவது, நீங்க கேட்ட அந்த பில் ஏத்தம். பிஜேஎம்ல கெப்பாசிட்டி ஏலம்னு ஒண்ணு நடக்கும், பின்னாடி வரப்போற ஒரு வருஷத்துக்கு, தேவைப்படும்போது மின்சாரம் குடுக்க தயாரா இருக்கிறதுக்கே பவர் ஸ்டேஷன்களுக்கு குடுக்கிற பணம். 2024 ஜூலையில நடந்த ஏலத்துல ஒரு நாளைக்கு ஒரு மெகாவாட்டுக்கு 28.92 டாலரா இருந்தது 269.92 டாலரா எகிறிச்சு, மொத்த செலவு 220 கோடி டாலர்ல இருந்து 1,470 கோடி டாலரா போச்சு. இதுக்கு காரணம் கம்பெனிகளோட சதின்னு மட்டும் சொன்னா அது பொய். பிஜேஎம்மை கண்காணிக்கிற தனி மார்க்கெட் மானிட்டர் கணக்குப்படி அந்தச் செலவுல 930 கோடி டாலர், அதாவது 63 சதவீதம், டேட்டா சென்டர் தேவையால வந்தது. பழைய நிலையங்கள் மூடினது, எந்த நிலையத்தை எவ்வளவு நம்பலாம்னு கணக்கு போடுற முறை மாறினது, எல்லாம் உண்டு. ஆனா அதுல பாருங்க, பால்டிமோர் பக்கத்துல பிராண்டன் ஷோர்ஸ் மாதிரி மூட நினைச்ச நிலையங்களை கிரிட்டுக்கு தேவைன்னு தனியா பணம் குடுத்து ஓட வைக்கிறாங்க, ஆனா ஏலத்துல அதை சப்ளையா சேர்த்துக்கல. மக்கள் அதுக்கும் பணம் குடுக்கணும், அது இல்லாத மாதிரி கணக்கு போட்டு ஏறின ஏல விலையையும் குடுக்கணும். விலை வெடிச்ச பிறகுதான், 2025-ல அந்த விதி மாறிச்சு. வரிசையில நிக்கிற புது நிலையங்கள் கிரிட்ல சேர வருஷக்கணக்கா காத்திருந்ததும் இதே கதை. புது போட்டியாளர் தாமதமா வந்தா பழைய ஆளுக்கு நல்ல விலை, அதனால வரிசையை சீக்கிரம் நகர்த்துறதுல அந்த அறையில இருக்கிற பல பேருக்கு அவசரமே கிடையாது.

அப்புறம் மோப்பர்னு சொல்ற குறைந்தபட்ச ஏலவிலை விதி. 2016-ல கால்பைன் உள்பட சில உற்பத்தி கம்பெனிங்க, மாநில அரசு உதவி வாங்குற நிலையங்கள் கம்மி விலைக்கு ஏலம் கேட்டு எங்களை நசுக்குதுன்னு புகார் குடுத்தாங்க. 2019 டிசம்பர்ல ஃபெர்க் அதை ஏத்துக்கிட்டு, மாநில ஆதரவு இருக்கிற காத்தாலை, சோலார், அணு நிலையம் எல்லாம் ஒரு கீழ் வரம்புக்கு மேலதான் விலை கேட்கணும்னு ஆர்டர் போட்டுச்சு. அதாவது ஒரு மாநிலம் தன் மக்கள் பணத்துல ஒரு நிலையத்தை ஆதரிச்சாலும், அந்த மக்கள் ஏலத்துல அதோட பலனை அனுபவிக்க முடியாம போகலாம். மாநிலங்கள் பிஜேஎம்மை விட்டே போறோம்னு பேச ஆரம்பிச்சது அப்பதான். 2021-ல பிஜேஎம் அதைத் தளர்த்தி தாக்கல் பண்ணுச்சு, ஃபெர்க்ல ரெண்டுக்கு ரெண்டுன்னு சமமா பிரிஞ்சு எந்த முடிவும் வரல, அதனால 205 விதிப்படி தானாவே அமலுக்கு வந்துடுச்சு. இவ்வளவு பெரிய விஷயம், ஆணையத்தோட தீர்ப்பே இல்லாம!

கண்காணிக்கிறவங்களோட கதையும் தெரிஞ்சிருக்கணும். ஜோசப் பௌரிங்னு பிஜேஎம்மோட மார்க்கெட் மானிட்டர், அப்போ அவர் பிஜேஎம்முக்கு உள்ள வேலை பார்த்த ஆள். 2007 ஏப்ரல்ல ஃபெர்க் கூட்டத்துலயே எழுந்து, என் அறிக்கைகள்ல நிர்வாகம் தலையிடுதுன்னு வெளிப்படையா சொன்னார். பெரிய சண்டை ஆச்சு, கடைசியில சமரசமாகி 2008-ல மானிட்டரிங் அனலிட்டிக்ஸ்னு தனி நிறுவனமா பிரிஞ்சு வந்தார். மேல சொன்ன 63 சதவீத கணக்கு இன்னிக்கு நமக்கு கிடைக்குதுன்னா அந்த ஒரு ஆள் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருக்காததுதான் காரணம். நியூ இங்கிலாந்துல நிலைமை வேற. அங்க மெம்பர்கள் கூடுற நேபூல்ங்கிற அமைப்புக்குள்ள பத்திரிகைக்காரங்களையே விடல. 2018-ல ஒரு நிருபர் மெம்பரா சேரவே விண்ணப்பிச்சாங்க, மெம்பர்ஷிப்பை மறுக்கக்கூடாதுன்னு ஃபெர்க் சொல்லிச்சு, ஆனா கூட்டத்தை பத்தி செய்தி போடக்கூடாதுங்கிற தடையை நீக்க எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு 2019-ல கைய விரிச்சுடுச்சு. ஆறு மாநிலத்தோட மின்சார விதிகளை பேசுற கூட்டம் அது.

அப்போ கம்பெனிகளை வெளிய தள்ளிட்டு அரசாங்கம் போர்டை நியமிச்சா சரியாயிடுமான்னா, ரெண்டு இடத்துல அதை செஞ்சு பார்த்தாச்சு. கலிஃபோர்னியாவோட கிரிட்டை நடத்துற கைசோ 1998-ல ஓட ஆரம்பிச்சப்போ 26 பேர் போர்டு, மார்க்கெட்ல வாங்கி விக்கிறவங்களே அதுல உக்காந்திருந்தாங்க. 2000-2001 நெருக்கடி வந்துச்சு, என்ரான் மாதிரி கம்பெனிங்க விதியில இருந்த ஓட்டைகளை வெச்சு விளையாடினாங்க, பகுதி பகுதியா மாத்தி மாத்தி மின்வெட்டு, பெரிய மின் கம்பெனியான பிஜி அண்ட் ஈ திவால். 2001 ஜனவரியில சட்டமன்றம் அந்த போர்டை கலைச்சுட்டு கவர்னர் நியமிக்கிற 5 பேரை வெச்சுது. ஃபெர்க் இது செல்லாதுன்னு 2002-ல உத்தரவு போட, 2004-ல வாஷிங்டன் கோர்ட், போர்டை கலைக்கிற அதிகாரம் உனக்கு இல்லன்னு ஃபெர்க்கை திருப்பி அனுப்பிச்சு. கலிஃபோர்னியாவுக்கு அது நல்லதா அமைஞ்சுது, ஆனா ஒரே மாநிலத்தோட கவர்னர் நியமிக்கிற போர்டை நம்பி பக்கத்து மாநிலங்கள் முழுசா உள்ள வர மாட்டேன்னுட்டாங்க, அந்த முடிச்சை அவிழ்க்க 2025-லதான் ஏபி 825-னு சட்டம் போட்டு தனி பிராந்திய அமைப்புக்கு வழி பண்ணியிருக்காங்க.

ரெண்டாவது இடம் டெக்சாஸ், அங்க கிரிட்டை நடத்துறது எர்காட். 2021 பிப்ரவரி பனிப்புயல்ல மாநில அரசு கணக்குப்படியே 246 பேர் செத்தாங்க, மொத்த கிரிட்டும் விழ 4 நிமிஷம் 37 செகண்ட்தான் பாக்கி இருந்துச்சு. மெகாவாட் மணிக்கு 9,000 டாலர்ங்கிற உச்சவிலையை தேவைக்கு மேல நீட்டிச்சதால ஏற்பட்ட அதிகப்படி கட்டணம் 1,600 கோடி டாலர்னு அங்க இருந்த மானிட்டர் சொன்னார், அதை திருத்த மாநில மின் ஆணையம் மறுத்துடுச்சு. போர்டுல மாநிலத்துக்கு வெளிய குடியிருந்தவங்க ராஜினாமா பண்ணாங்க, அப்புறம் சட்டம் போட்டு கம்பெனி பிரிவுகளோட நாற்காலிகளை எடுத்துட்டு, கவர்னர், துணை கவர்னர், சபாநாயகர் அமைக்கிற தேர்வுக்குழு மூலமா ஆளை எடுக்குறாங்க. 2023-ல டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் எர்காட்டுக்கு அரசாங்கத்துக்கு இருக்கிற மாதிரி வழக்கு பாதுகாப்பு உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. கம்பெனியோட நாற்காலி போச்சு, ஆனா பாதிக்கப்பட்டவங்க கேள்வி கேட்கிற வழியும் கூடவே போச்சு. மின் கம்பெனிங்க மாநில அரசியல்ல எப்படி புகுந்து விளையாடுவாங்கங்கிறதுக்கு ஒஹையோ இருக்கு: 130 கோடி டாலர் பெயில்அவுட் சட்டத்துக்காக ஃபர்ஸ்ட்எனர்ஜி பணம் சுமார் 6 கோடி டாலர் சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் பக்கம் போச்சு, 2023-ல அவருக்கு 20 வருஷம் ஜெயில். அதனால "மாநிலத்துக்கிட்ட குடுத்துட்டா போதும்"னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

எனக்கு நம்பிக்கை இருக்கிற வழி எஸ்பிபி செஞ்சது. மத்திய சமவெளி மாநிலங்களோட அந்த அமைப்புல மாநில ஆணையர்கள் குழு ஒண்ணு இருக்கு, லைன் செலவை யார் மேல எப்படி பிரிக்கிறது, எவ்வளவு ரிசர்வ் (கூடுதல் மின்சார கையிருப்பு) வேணும்ங்கிற மாதிரி விஷயங்கள்ல அவங்க சொன்னதை எஸ்பிபி ஃபெர்க்ல தாக்கல் பண்ணியே ஆகணும். போர்டுல சீட் இல்ல, 205 பேனாவுல பங்கு. இதுதான் வித்தியாசம். மைசோவுலயும் மாநிலங்களுக்கு செலவுப் பங்கீட்டுல கொஞ்சம் இப்படி உரிமை இருக்கு. இது சர்வரோக நிவாரணி இல்ல, அதே மைசோவுல 2022-ல 1,030 கோடி டாலர், 2024-ல 2,180 கோடி டாலர்னு பெரிய லைன் திட்டங்கள் வந்தப்போ எல்லாமே வடக்குப் பக்கம்தான் போச்சு, எண்டர்ஜி கம்பெனி கோலோச்சுற தெற்குப் பக்கம் ஒண்ணும் வரல, அங்க மாநில ஆணையங்களே செலவை நினைச்சு தயங்கினாங்க. ஆனா குறைந்தபட்சம் அங்க யாரைக் கேள்வி கேட்கணும்னு ஓட்டு போடுற மக்களுக்கு தெரியும்.

பிஜேஎம்ல இப்போ எல்லாம் ஆட்டம் கண்டிருக்கு. 2024 டிசம்பர்ல பென்சில்வேனியா கவர்னர் ஷபிரோ 206 புகார் போட்டு, சமரசமா ஏல விலைக்கு ஒரு உச்சவரம்பு வாங்கினார், அடுத்த ஏலம் சரியா அந்த உச்சவரம்புலயே, 329.17 டாலர்ல போய் நின்னுச்சு, மொத்தம் 1,610 கோடி டாலர். 2025 மே மாசம் மெம்பர்களே போர்டு தலைவரையும் இன்னொருத்தரையும் ஓட்டுல தோக்கடிச்சாங்க. ஜூலையில 9 கவர்னர்கள் சேர்ந்து போர்டுக்கு ஆள் சொல்ற உரிமை கேட்டு கடிதம் எழுதினாங்க. கவர்னர்களோட கோவம் நியாயம்தான், ஆனா அவங்க அப்போ கேட்டது ரெண்டு நாற்காலி. நாற்காலியில உக்காந்த அப்புறமும் ஆபரேட்டிங் அக்ரிமெண்டை மாத்த அதே 3.335 வேணும், லைன் சொந்தக்காரங்களோட தாக்கல் உரிமை அப்படியே இருக்கும். கேட்டா தாக்கல் உரிமையில பங்கு கேட்கணும், கீழ்மட்ட கமிட்டியில ஒரு கம்பெனிக்கு ஒரு ஓட்டுன்னு கேட்கணும், அங்கயும் யார் எந்த ஓட்டு போட்டாங்கன்னு வெளியிடச் சொல்லணும், நுகர்வோர் அலுவலகங்களுக்கு இந்த மீட்டிங்ல உக்காரவே தனியா ஆள் வெச்சுக்க பணம் குடுக்கச் சொல்லணும்.

நீங்க நியூஜெர்சியில இருக்கிறதால ஒண்ணு சொல்றேன். உங்க மாநிலத்துல ரேட் கவுன்சல்னு ஒரு அலுவலகம் இருக்கு, பிஜேஎம்ல உங்க சார்பா ஓட்டு போடுறவங்க அவங்கதான். பிஜேஎம் மேல்மட்ட கமிட்டிகளோட ஓட்டு விவரத்தை வெளியிடுது, அதுல உங்க பில்லுல பேர் இருக்கிற கம்பெனி எந்த விஷயத்துக்கு ஆமா, எதுக்கு இல்லன்னு போட்டிருக்குன்னு எடுத்துப் பாருங்க. அடுத்த தடவை அந்தக் கம்பெனி மாநில ஆணையத்துகிட்ட கட்டணம் ஏத்தக் கேட்டு வரும்போது பொதுமக்கள் விசாரணை கட்டாயம் நடக்கும், அந்த ஓட்டுப் பட்டியலை கையில வெச்சுக்கிட்டு அங்க போய் கேளுங்க, பதில் அவங்க பதிவுலயே ஏறும்.